ஸ்போர்ட்ஸ் காரில் நெடும்பயணம்: ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆல்ப்ஸ் கணவாய்கள் வரை

ஜெர்மனியின் ஆட்டோபானில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த கணவாய்களில் ஏறி இறங்கித் திரும்பும் பயணம், வலிமை மிக்க ஸ்போர்ட்ஸ் காரின் எல்லாக் குணங்களையும் நான்கே நாளில் வெளிக்கொண்டு வந்துவிடும். ஸ்டுட்கார்ட், உல்ம், ஆக்ஸ்பர்க், மியூனிக், குஃப்ஸ்டைன் என்று முதல் நாள் சமவெளி. அதன்பின் ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை, இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய், சுவிட்சர்லாந்தின் உம்பிரைல், ஃப்ளூவேலா கணவாய்கள், டாவோஸ், கான்ஸ்டன்ஸ் ஏரியின் கிழக்கு ஓரம், மீண்டும் ஸ்டுட்கார்ட். மொத்தத் தொலைவு ஏறக்குறைய 1,200 கி.மீ. ஒரு செப்டம்பர் மாதத்தில் இவ்வழியே வாடகைக்கு எடுத்துச் சென்ற போர்ஷே 911 கரேரா கற்றுத் தந்தவையே இங்குள்ள குறிப்புகள்.

2019-இல் வந்த தலைமுறையின் 911 கரேராவில், பின்சக்கரங்களுக்கும் பின்னால், இரட்டை டர்போ பொருத்திய 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. திறன் 385 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 4.2 வினாடி. உச்ச வேகம் மணிக்கு 293 கி.மீ. வாங்குபவரின் கண் இந்த எண்களில்தான் நிற்கும். நெடும்பயணத்தில் இவை பயன்படும் நேரத்தைக் கூட்டினால் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள்தான் தேறும். மீதி நேரமெல்லாம் பயணத்தை ஆள்பவை வேறு எண்கள்: 64 லிட்டர் பெட்ரோல் தொட்டி, 132 லிட்டர் முன்புறச் சாமான் அறை, பிரேக் எண்ணெயின் கொதிநிலை, டயரின் காற்றழுத்தம், வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் தூரம். இவற்றைக் கவனித்து ஓட்டுபவருக்கு 385 குதிரைத்திறன் பெரும் மகிழ்ச்சி தரும். கவனிக்காதவருக்கு அதே திறன் முதல் நாள் மாலையே பாரமாகிவிடும்.

புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரம் காருக்கென்று ஒதுக்க வேண்டும். முதலில் டயர். இந்தக் காருக்கு முன்னால் 235, பின்னால் 295 மி.மீ. அகலமுள்ள டயர்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளில் கடைசி எழுத்து வேக வரம்பைச் சொல்லும். டபிள்யூ என்றால் 270 கி.மீ., ஒய் என்றால் 300 கி.மீ. பனிக்கால டயர்களில் இந்த வரம்பு 210, 240 என்று குறைவாக இருப்பதுண்டு. அப்படியொரு டயருடன் கார் கைக்கு வந்தால் அதற்கேற்ப வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் கூடும். ஆட்டோபானில் அரை மணி நேரம் ஓடிய டயரை அளந்து, அதிகமாக இருக்கிறதென்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை மலையில் அது குறைந்த அழுத்தத்துடன் நிற்கும்.

இந்தக் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும்தான் உண்டு. அந்தத் திரவம் டயரின் அடிப்பகுதியில் ஆணி குத்திய ஓட்டைக்கு உதவும்; பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் உள்ள சிறு பட்டறைகளில் 295 மி.மீ. டயர் இருப்பில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வரவழைக்க ஒரு நாள் போய்விடும். ஆகவே ரப்பர் தேய்ந்த டயருடன் காரைத் தந்தால், வாடகை நிறுவனத்தின் வாசலிலேயே மாற்றிக் கேட்பதுதான் முறை. அதே இடத்தில் நான்கு சக்கர விளிம்புகளையும் முன்பம்பரின் அடிப்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது வழக்கு எழுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, எந்தெந்த நாட்டு எல்லையைக் கடக்கலாம். இத்தாலிக்குள் நுழையக் கூடாது என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்த வரியைப் படிக்காமல் ஸ்டெல்வியோ ஏறினால் காப்பீடு இல்லாமல் ஏறியதாக ஆகிவிடும்.

சாமான் அறை மூடிக்குக் கீழே ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஒன்றை வைத்தால் அதைச் சுற்றியுள்ள இடமெல்லாம் வீணாகும். துணிப் பைகள் மூலை முடுக்கெல்லாம் அடங்கும். கனமானவை முன்னால், கீழே. கோட்டும் துணியும் பின்னிருக்கைகளில். எதிரொளிப்பு மேலாடை மட்டும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், சாமான் அறையில் கூடாது. ஆட்டோபானில் பழுதாகி நின்றால் காரைவிட்டு இறங்கும் முன்பே அதை அணிந்துகொள்ள வேண்டியிருக்கும். எச்சரிக்கை முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கட்டாயம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஓட்டுபவர், உள்நாட்டு உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும் என்று தோன்றும். நெரிசலில் பழகியும்விடும், ஏனெனில் முன்னே செல்லும் கார் வழிகாட்டும். ஆபத்து வருவது அதிகாலையில், பெட்ரோல் நிலையத்திலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும் கணத்தில். அப்போது கை பழைய பழக்கத்துக்குப் போய் இடப்பக்கத்தைத் தேடும். ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் "வலம்" என்று சொல்வது எளிய ஏற்பாடு. கடைசி நாள் வரை அதை விடக் கூடாது.

ஆட்டோபானின் நீளத்தில் சுமார் 70 விழுக்காட்டுக்கு நிலையான வேக வரம்பு இல்லை. 130 கி.மீ. என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம் மட்டுமே. எனினும் அதற்குச் சட்டத்தில் எடை உண்டு. அந்த வேகத்துக்கு மேல் செல்பவர் விபத்தில் சிக்கினால், தவறு எதிராளியுடையது என்றாலும் இழப்பில் ஒரு பங்கு இவர் தலையில் விழலாம் என்று ஜெர்மனியின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிழக்கே செல்லும் ஏ8 சாலையில் முதல் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு உகந்ததல்ல. நகர நெரிசல், பிறகு ஸ்வேபிய மேட்டுநிலத்தின் மேல் ஏறும் குறுகிய வளைவுப் பாதை. உல்மைக் கடந்து ஆக்ஸ்பர்க் செல்லும் ஆறு தடப் பகுதியில்தான் சாலை விரியும்.

அங்கே வேகத்தைக் கூட்டும் முன் சில கணக்குகளை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. 200 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடியில் 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடி. அதன்பின் நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் நிற்க ஏறக்குறைய 150 மீட்டர். மொத்தம் 200 மீட்டருக்கு மேல். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம்; அது உடம்புக்குப் புரிவது இந்தச் சாலையில்தான். வலத்தடத்தில் லாரிகள் மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் போகின்றன. அவற்றுள் ஒன்றின் பின்னே மாட்டிக்கொண்ட சிறு கார் இடத்தடத்துக்குத் தாவும் முன் கண்ணாடியில் பார்க்கிறது. 300 மீட்டர் பின்னால் ஒரு விளக்கு தெரிகிறது. தூரத்தில் இருக்கிறதே என்று அதன் ஓட்டுநர் நினைக்கிறார். வேக வேற்றுமை 110 கி.மீ. என்றால், பத்தே வினாடியில் அந்த விளக்கு அவர் முதுகில் இருக்கும். அவர் கணிப்பில் பிழை இல்லை. அவ்வளவு வேகத்தை வெறும் கண்ணால் கணிக்க மனிதருக்கு முடியாது. ஆகவே பொறுப்பு விரைந்து வருபவருடையது. முன்னே இரண்டு லாரிகள் நெருங்கிக்கொண்டிருந்தால், பின்னது முந்துவதற்காக வெளியே வரும் என்று வைத்துக்கொண்டு அதற்கு முன்பே காலை எடுத்துவிட வேண்டும்.

முந்தியவுடன் வலத்தடத்துக்குத் திரும்புவது அங்கே சட்டம், பழக்கமும் அதுவே. வலப்பக்கமாக முந்துவது குற்றம். முன்னே செல்பவரை ஒட்டி நின்று விளக்கை அடித்து மிரட்டுவதும் குற்றம். இடைவெளிக்கு அவர்கள் சொல்லும் விதி எளியது: வேகமானி காட்டும் எண்ணில் பாதியை மீட்டராகக் கொள்க. வாகனங்கள் தேங்கி நின்றால் இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடமாகவும் மற்றவர்கள் வலமாகவும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்சுக்கு வழிவிட வேண்டும். தேக்கம் தொடங்கும்போதே ஒதுங்க வேண்டும். நின்றபின் நகர இடமிருக்காது. தவறினால் அபராதம் 200 யூரோவிலிருந்து தொடங்குகிறது.

வேகத்தால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு. ஸ்டுட்கார்ட்டுக்கும் மியூனிக்குக்கும் இடையே 230 கி.மீ. மணிக்குச் சராசரி 130 என்று ஓட முடிந்தால் 1 மணி 46 நிமிடம். இடையிடையே 200-ஐத் தொட்டாலும், சாலைப் பணிகளும் வரம்புப் பலகைகளும் குறுக்கிடுவதால் சராசரி 150-ஐத் தாண்டுவது அரிது. மிச்சம் 14 நிமிடம். அதையும் பெட்ரோல் தொட்டி விழுங்கிவிடும். காற்றைப் பிளக்க எஞ்சின் தர வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 130-இலிருந்து 200-க்குப் போனால் அத்திறன் மூன்றரை மடங்குக்கு மேலாகும். நிதானமாக ஓட்டினால் 600 கி.மீ. தாங்கும் தொட்டி, விரைந்தால் 300 கி.மீ. அளவில் விளக்கைக் காட்டும். ஆட்டோபானில் பெட்ரோல் தீர்ந்து நிற்பதை ஓட்டுநரின் அலட்சியமாகவே காவல்துறை எடுத்துக்கொள்ளும். அதற்கும் அபராதம் உண்டு. கால் தொட்டி மீதமிருக்கும்போதே நிரப்பிக்கொள்வது நல்லது. மலைக்குள் நுழைந்தபின் பெட்ரோல் நிலையங்கள் தூரத்துக்கு ஒன்றுதான். அவற்றிலும் இந்த எஞ்சினுக்கு உகந்த 98 ஆக்டேன் எப்போதும் கிடைக்குமென்று சொல்ல முடியாது. 95 போட்டாலும் கார் ஓடும். எரிபொறி நேரத்தைக் கணினி தானே பின்தள்ளி எஞ்சினைக் காத்துக்கொள்ளும், திறன் கொஞ்சம் குறையும்.

இவ்வளவு சொன்னபின்பும், தெளிந்த வானமும் ஆளற்ற மூன்று தடங்களும் கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சில நிமிடங்கள் மட்டும் 220-இல் இந்தக் கார் தரையோடு ஒட்டிச் செல்லும் நிதானத்தை உணர்வது அரிய அனுபவம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கனரக லாரிகளுக்கு ஜெர்மனியில் தடை உண்டு. அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது தற்செயலாக இருக்கக் கூடாது.

குஃப்ஸ்டைனில் ஆஸ்திரியா தொடங்குகிறது. அந்நாட்டு விரைவுச்சாலைகளுக்கு விக்னெட் எனும் கட்டண வில்லை வேண்டும்; எல்லையை ஒட்டிய சில துண்டுகளுக்கு மட்டும் விலக்கு. சுவிட்சர்லாந்தில் ஓராண்டு வில்லைதான், 40 ஃபிராங்க். ஒரே நாள் கடந்து போனாலும் அதையே வாங்க வேண்டும். வரம்புகளும் மாறிக்கொண்டே போகும். விரைவுச்சாலையில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் 130, சுவிட்சர்லாந்து 120. ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலைகளில் ஆஸ்திரியா 100, இத்தாலி 90, சுவிட்சர்லாந்து 80. இந்த எண்களைச் சிறு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவைப்பது பயன் தரும். காரணம், தண்டனையின் கடுமை. ஆஸ்திரியாவில் 2024 மார்ச் முதல், ஊருக்குள் வரம்பைவிட 60 கி.மீ., வெளியே 70 கி.மீ. கூடுதலாகச் சென்றால் காரையே அந்த இடத்தில் பறிமுதல் செய்யலாம். சுவிட்சர்லாந்தில் 80 வரம்புள்ள சாலையில் 140-ஐத் தொடுவது சிறை வரை கொண்டுபோகும் குற்றம். 385 குதிரைத்திறனுக்கு 80-இலிருந்து 140-க்குப் போகச் சில வினாடிகளே போதும். கால் அதை உணர்வதே இல்லை. கார் அவ்வளவு அமைதியாக அதைச் செய்துவிடும். வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தானைப் பள்ளத்தாக்குச் சாலைகளில் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை 1935-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் வல்லாக் என்ற பொறியாளர். நீளம் 48 கி.மீ., கொண்டை ஊசி வளைவுகள் 36, மிகுந்த சரிவு 12 விழுக்காடு, ஹோக்டோர் உச்சி 2,504 மீட்டர். பனி காரணமாக மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், இரவில் மூடிவிடுவார்கள். தனிச் சுங்கக் கட்டணம் உண்டு. அது அந்த நாள் முழுமைக்கும் செல்லும் என்பதால் ஒருமுறை ஏறி இறங்கி, மீண்டும் ஏறுபவர்களும் இருக்கிறார்கள். வடபுறத்தில் ஃபெர்லைட்டன் சுங்கச் சாவடியை அதிகாலையில் கடப்பவருக்குச் சாலை சொந்தம் போலக் கிடைக்கும். ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். அந்த நேரத்துக்கு உச்சியில் காபி குடித்துக்கொண்டிருக்கும்படி திட்டமிட வேண்டும். முந்தைய இரவு மலையடிவாரத்தில் தங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வளைவுகள் அகலமானவை, ஒழுங்கான ஆரம் கொண்டவை. பெரிய எஞ்சினுள்ள காருக்கென்றே அளந்து போட்டது போன்ற சாலை. இங்கே கற்க வேண்டிய முதல் பாடம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிப்பது. நேர்ப்பகுதியில் பிரேக், கியர் இறக்கம், பிறகு ஸ்டீயரிங்; வளைவின் வெளிவாய் தெரிந்தபின்தான் பெட்ரோல் மிதி. எஞ்சின் பின்னாலிருக்கும் காரில் இந்த வரிசை மாறக் கூடாது. வளைவின் பாதியில் பயந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்டயர்களின் பிடி தளரும், கனமான பின்பகுதி வெளிப்பக்கம் வீச முயலும். 1963-இல் அறிமுகமான 911-இன் தொடக்கக் கார்களில் இக்குணம் கடுமையாக இருந்தது. அதைத் தணிக்கவே 1969 மாதிரியில் சக்கர அச்சுகளின் இடைவெளியை 57 மி.மீ. நீட்டினார்கள். இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு இதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை மலையில் அணைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் கை காரைத் திருப்பும். கொண்டை ஊசி வளைவில் பக்க ஜன்னல் வழியே தலையைத் திருப்பி அடுத்த நேர்ப்பகுதியைத் தேட வேண்டும். பள்ளத்தைப் பார்ப்பவர் பள்ளத்தை நோக்கியே நகர்வார். மறைவான வளைவில், தெரிகிற தூரத்தின் பாதிக்குள் நிறுத்தும்படியான வேகமே சரியான வேகம். எதிர்வரும் மோட்டார் சைக்கிள்காரர் சாய்ந்து வரும்போது சக்கரம் அவர் பக்கத்தில் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி இருக்கும். ஆகவே வலக்கோட்டை ஒட்டிச் செல்வதே இருவருக்கும் பாதுகாப்பு.

உயரம் கூடக் காற்று அடர்த்தி குறைகிறது. 2,500 மீட்டரில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ எஞ்சின் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்ளும். ஏறும்போது இவையெல்லாம் சுவையான விவரங்கள். இறங்கும்போதுதான் கவலைப்பட வேண்டியது வருகிறது.

ஹோக்டோரிலிருந்து தென்புறத்து ஹைலிகன்பிளூட் ஊருக்கு 1,200 மீட்டர் இறக்கம். இருவரும் சாமானும் சேர்ந்து 1,700 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்குகையில் விடுவிக்கும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் காற்றுத்தடை போக மீதி வெப்பம் முழுவதும் நான்கு பிரேக் தட்டுகளுக்குள் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை எண்ணெயின் தரவரையறைப்படி புதியது குறைந்தது 230 டிகிரியிலும், ஈரம் ஏறியது குறைந்தது 155 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும். இடையிலுள்ள 75 டிகிரி வித்தியாசம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. வாடகைக் காரின் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்பது கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

ஆகவே இறக்கத்தில் தானியங்கிக் கியரைக் கைமுறைக்கு மாற்றி, இரண்டிலோ மூன்றிலோ வைத்து, எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். எஞ்சின் சத்தம் உயரும், அதில் தீங்கில்லை. பிரேக்கைத் தொடர்ந்து மெல்ல அழுத்தியபடி வருவதைவிட, வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை அழுத்தி முழுவதும் விட்டுவிடுவது நல்லது. விட்ட இடைவெளியில் தட்டுகள் காற்றில் ஆறும். அடிவாரம் வந்ததும் உடனே நிறுத்திவிடாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும்.

நெடும்பயணமும் பிரேக் கவலையும் சேர்ந்தே பிறந்தவை. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன், கணவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிச் சென்றார். வரலாற்றில் காரில் நடந்த முதல் நெடும்பயணம் அது. எரிபொருளை வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அவற்றின்மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். பிரேக் பட்டை என்ற பொருளின் தொடக்கம் அதுவே என்பார்கள். அவர் ஓட்டிய ஊர்கள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வடமேற்கே அதிக தூரமில்லை. இந்தப் பயணத்துக்கு முன்னோ பின்னோ ஒரு நாள் ஒதுக்கி அந்த வழியையும் பார்த்துவிடலாம்.

ஸ்டெல்வியோ வேறு இயல்புடையது. ஆஸ்திரியப் பேரரசு லொம்பார்டியை ஆண்ட காலத்தில், கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை போட்ட சாலை. குதிரைவண்டிக்கும் படைக்கும் அளந்தது. பிராட்டோ பக்கத்திலிருந்து ஏறினால் 24 கி.மீ. தூரத்தில் 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து, 2,757 மீட்டர் உச்சியை அடைகிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. அடியில் 48, உச்சியில் 1. மேலிருந்து பார்த்தால் மலைமேல் சுருட்டிப் போட்ட நாடா போலத் தெரியும் காட்சி மறக்க முடியாதது. ஆனால் வலிமையான காரை ஓட்டும் இன்பத்துக்கு இது சிறந்த சாலை என்று பரவலாகச் சொல்வதை ஏற்க இயலாது. வளைவுகள் அத்தனை நெருக்கம். கார் பெரும்பாலும் முதல், இரண்டாம் கியரிலேயே இருக்கும். எதிரே பேருந்து வந்தால் பின்வாங்க வேண்டியிருக்கும். கோடையில் நூற்றுக்கணக்கான சைக்கிள்காரர்கள் வியர்வை சிந்தி ஏறிக்கொண்டிருப்பார்கள். 1953-இல் ஜிரோ டி இத்தாலியா பந்தயம் முதன்முதலாக இக்கணவாயில் ஏறியது. அன்று வென்றவர் ஃபாஸ்டோ கோப்பி. அப்போதிலிருந்து இது சைக்கிள்காரர்களின் திருத்தலம். அவர்களுக்குப் பின்னே பொறுமையாகச் சென்று, நேர்ப்பகுதியில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் விலகி முந்துவதே முறை. கார் தாழ்வானது என்பதால் வளைவின் உள்மூலையில் சாலை திடீரென்று எழும் இடங்களில் முன்பம்பர் உரசும். வெளிப்பக்கமாக அகன்று திரும்பினால் தப்பும். முன்னச்சைத் தூக்கும் வசதி காரில் இருந்தால் பயன்படுத்த ஏற்ற இடம் இதுதான்.

ஸ்டெல்வியோவின் தென்மேற்குச் சரிவில் சற்று இறங்கியதும் வலப்புறம் பிரியும் உம்பிரைல் கணவாய், 2,501 மீட்டரில் சுவிட்சர்லாந்துக்குள் நுழைகிறது. 2015 வரை அதில் ஒரு பகுதி மண்சாலையாகவே இருந்தது. இப்போது முழுவதும் தார். அதன்பின் ஓஃபன் கணவாய் வழியே 1914-இல் அமைந்த சுவிஸ் தேசியப் பூங்காவைக் கடந்து, ஸெர்னெஸிலிருந்து சூஸ் சென்று 2,383 மீட்டர் உயர ஃப்ளூவேலாவில் ஏறி டாவோஸ் இறங்கலாம். புகழ் குறைந்த இந்தத் தொடரில்தான் காரின் உண்மையான சுவை கிடைக்கிறது. நீண்ட, திறந்த வளைவுகள். முன்னால் வெகுதூரம் தெரியும் சாலை. மூன்றாம் கியரில் 80 வரம்புக்குள்ளேயே நிறைவு தரும் ஓட்டம். நான்கு நாளில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால் ஸ்டெல்வியோவைக் கைவிட்டு ஃப்ளூவேலாவை வைத்துக்கொள்ளலாம்.

சுவிஸ் மலைச்சாலைகளில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பேருந்துப் பாதை. அங்கே மஞ்சள் பேருந்து ஓட்டுநர் சொல்வதே சட்டம். அவர் பின்வாங்கச் சொன்னால் பின்வாங்க வேண்டும். பேருந்தின் மூன்று சுர ஒலி, ரோசினியின் வில்லியம் டெல் இசைநாடகத் தொடக்கத்திலிருந்து எடுத்தது. வளைவுக்கு அப்பாலிருந்து அது கேட்டதும் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். பொதுவாகக் குறுகிய சரிவில் ஏறுபவருக்கே முன்னுரிமை.

ஊர்களைக் கடக்கும்போது எக்ஸாஸ்டின் ஓசையைக் கூட்டும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒலி இரு மலைகளுக்கிடையே முட்டித் திரும்பும். கோடை முழுவதும் விடுமுறைக்காரர்களின் இரைச்சலைச் சகித்து வாழும் மக்கள் அவர்கள். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஒரு மாவட்டம் 2020 முதல் கோடையில், 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களைத் தன் சாலைகளில் தடுத்துவிட்டது. கார்களுக்கும் அப்படியொரு நாள் வராமலிருப்பது ஓட்டுபவர்கள் கையில் இருக்கிறது.

ஓட்டுநரின் உடலும் கணக்கில் சேரும். அகன்ற டயரின் உறுமல், இறுக்கமான இருக்கை, தாழ்ந்த பார்வை ஆகியவை சாதாரணக் காரைவிட விரைவில் களைப்பூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மலையில் அதுவும் நீளம். ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து வளைவுகளில் ஓட்டியபின் கை மெல்ல நடுங்குவதைக் காணலாம். ஒரு நாளுக்கு மூன்று பெரிய கணவாய்களே அளவு. பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டல் வந்தால் பழி மலையின்மேல் இல்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் திடீரென்று மாறுவதே காரணம். அவர் அமைதியாகத் தூங்கிவிடுகிற ஓட்டமே நல்ல ஓட்டம். இப்படி ஓட்டினால் கார் மெதுவாகப் போவதாகத் தோன்றும். கணவாயின் மறுபக்கம் போய்க் கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் கூடியிருக்காது.

தங்குமிடம் தேடும்போது அறையைவிடக் கார் நிறுத்துமிடத்தை முதலில் விசாரிப்பது நல்லது. பழைய ஊர்களின் தரைக்கீழ் நிறுத்தகங்களில் சரிவு செங்குத்தாகவும் தூண்கள் நெருக்கமாகவும் இருக்கும். பொல்சானோ போன்ற இத்தாலிய நகரங்களின் மையப்பகுதிக்குள் வெளியார் கார்கள் நுழையத் தடை உண்டு. வாயிலில் கேமரா மட்டுமே இருக்கும், தடுப்புக் கம்பி இருக்காது. வழிகாட்டிச் செயலி அதைக் கவனியாமல் உள்ளே அழைத்துச் சென்றுவிடக்கூடும்.

ஸ்டுட்கார்ட் திரும்பியபின் காரை ஒப்படைக்கும் முன் கழுவிவிட்டு, புறப்பட்ட அன்று எடுத்த அதே கோணங்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். பெட்ரோல் ரசீது, சுங்கச் சீட்டு, விடுதி ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் ஓட்டுநருக்கு இத்தாலியப் போக்குவரத்து அபராத அறிவிப்பை 360 நாள் வரை அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்தத் தெரு என்று அந்தக் கடிதம் கேட்கும்போது பதில் அந்த உறையில்தான் இருக்கும்.